சட்டக் கேள்வி பதில்: தீர்ப்பில் எழுத்து பிசகினால்

வழக்கு முடிந்து தீர்ப்பும் கைக்கு வந்தபிறகு, அதில் பெயர், பரப்பு, தொகை என்று ஏதாவது ஒன்று பிழையாகக் கிடப்பதைப் பற்றி இலங்கை மலையகத்தின் பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லாமே குடியியல் வழக்குகள். ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்பெயர்களை மாற்றியிருக்கிறோம்.

கேள்வி: காணி வழக்கில் மாவட்ட நீதிமன்றம் என் கணவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பில் அவர் பெயர் பெரியசாமி கருப்பையா என்று சரியாக இருக்கிறது. தீர்ப்பின் முடிவைத் தனியாக எழுதிய டிக்ரியில் பெரியசாமி கருணையா என்று விழுந்துவிட்டது. காணிப் பதிவகத்தில் பதிய முடியவில்லை. புதிதாக வழக்குப் போட வேண்டும் என்கிறார்கள். அப்படியா? (ஹட்டன்)

பதில்: வேண்டவே வேண்டாம். அதே வழக்கு இலக்கத்தில் ஒரு நகர்த்தல் பத்திரம், பேச்சு வழக்கில் சொன்னால் ஒரு மோஷன், போதும்.

குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 189ஆம் பிரிவுதான் இதற்கான இடம். அது இரண்டு வேலைகளுக்கு அனுமதி தருகிறது. தீர்ப்பிலோ கட்டளையிலோ உள்ள எழுத்துப் பிழை, கணக்குப் பிழை, கவனக்குறைவாக விடுபட்டது அல்லது தவறி விழுந்தது ஆகியவற்றைத் திருத்துவது ஒன்று. டிக்ரியைத் தீர்ப்போடு ஒத்துப்போகச் செய்வது மற்றது. நீதிமன்றம் தானாகவும் செய்யலாம், தரப்பினர் யாராவது கேட்டும் செய்யலாம். உங்களுடையது இரண்டாவது வகை. திருத்தங்களிலேயே சுலபமானது இதுதான், ஏனென்றால் சரியான பெயர் நீதிபதியின் தீர்ப்பிலேயே இருக்கிறது.

தீர்ப்பு என்பது நீதிபதி காரணங்களோடு எழுதி, திறந்த மன்றில் வாசிப்பது. டிக்ரி என்பது அதன் முடிவை மட்டும் எடுத்து, அதே திகதியில், உரிய படிவத்தில் தனியாக வரையப்படும் பத்திரம். இரண்டாவதைத் தட்டச்சு செய்யும்போதுதான் பெயர்கள் பெரும்பாலும் மாறுகின்றன. ஆனால் காணிப் பதிவகம், பிஸ்கல் (டிக்ரியை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலர்), வங்கி எல்லாரும் பார்ப்பது டிக்ரியைத்தான். ஆகவே பிழை கண்டதும் முதலில் கேட்க வேண்டியது, அது எந்தக் கடதாசியில் பிறந்தது என்பதை. டிக்ரியிலா, தீர்ப்பிலா, அல்லது வழக்குப் போடும்போது நாமே கொடுத்த வழக்குரையிலா? பரிகாரம் அதைப் பொறுத்தே மாறும்.

நீதிமன்றப் பதிவறையில் விண்ணப்பித்து நான்கு பத்திரங்களின் அத்தாட்சிப்படுத்திய பிரதிகளை எடுங்கள்: வழக்குரை (திருத்திய வழக்குரை இருந்தால் அதுதான் வேண்டும்), தீர்ப்பு, டிக்ரி, நாளேட்டில் (வழக்கில் ஒவ்வொரு நாளும் நடந்ததை நீதிமன்றம் குறித்துவைக்கும் ஏடு) தீர்ப்பு வாசித்த நாளுக்குரிய பதிவு. பிறகு இரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் வழக்குரையைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் டிக்ரியில் வரிக்கு வரி அடிமட்டத்தை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். பெயரை எழுத்தெழுத்தாகவும் இலக்கங்களை ஒவ்வொன்றாகவும் சொல்ல வேண்டும். பதினைந்தை ‘பதினைந்து’ என்று வாசித்தால் கண் ஏமாற்றும். ‘ஒன்று, ஐந்து’ என்று வாசியுங்கள். வழக்கு இலக்கம், உறுதி இலக்கம், உறுதியின் திகதி, நொத்தாரிசின் பெயர், பிளான் இலக்கம், துண்டு இலக்கம் ஆகிய ஆறும் தனியே பார்க்கப்பட வேண்டியவை. பெயரை மட்டும் திருத்தி எடுத்துக்கொண்டு போய், பதிவகத்தில் ‘பிளான் இலக்கமும் பிழை’ என்று கேட்டால் திரும்ப மோஷன், திரும்ப அறிவித்தல், திரும்பத் தவணை.

மோஷனில் ‘பெயர் பிழையாக உள்ளது, திருத்தித் தரவும்’ என்று எழுதினால் பயனில்லை. ‘டிக்ரியின் 1ஆம் பக்கம் 4ஆம் வரியில் கருணையா என்றிருப்பதை, தீர்ப்பின் 1ஆம் பக்கம் 3ஆம் வரியில் உள்ளவாறு கருப்பையா எனத் திருத்தவும்’ என்று பக்கம், வரி, இருப்பது, இருக்க வேண்டியது, அதற்கு ஆதாரம் என்ற ஐந்தும் வர வேண்டும். நீதிபதி வழக்கேட்டைப் புரட்டி இரண்டு நிமிடத்தில் சரிபார்க்கும் வகையில் இருந்தால், பெரும்பாலும் அன்றைக்கே கட்டளை கிடைக்கும். திருத்திய டிக்ரியை வரையும்படியும், அதன் அத்தாட்சிப் பிரதி தரும்படியும் அதே மோஷனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது அறிவித்தல். 189இன் இரண்டாம் உட்பிரிவு எல்லாச் சந்தர்ப்பத்திலும் மற்றத் தரப்புக்கோ அவர்களுடைய பதிவுசெய்யப்பட்ட சட்டத்தரணிக்கோ நியாயமான அறிவித்தல் கொடுக்கச் சொல்கிறது. ஓரெழுத்துத் திருத்தத்துக்கும் இது பொருந்தும். இத்தனை நாள் என்று சட்டத்தில் எண் இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பினால் பற்றுச்சீட்டை மோஷனோடு இணைக்க வேண்டும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி மோஷனிலேயே ‘ஆட்சேபனை இல்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டால் ஒரு தவணை மிச்சம்.

யார் போடுவது என்பதில்தான் பலர் அலைகிறார்கள். வழக்கில் உங்களுக்காகப் பிரொக்சி (உங்கள் சார்பில் தோன்ற நீங்கள் கொடுத்த அதிகாரப் பத்திரம்) போட்ட சட்டத்தரணியின் அதிகாரம் தீர்ப்போடு முடிந்துவிடுவதில்லை. அவர் இருக்க, வேறொரு சட்டத்தரணி நேரே வந்து மோஷன் போட்டால் பதிவாளரிடமே திரும்பும். பழையவரின் பிரொக்சியை நீதிமன்ற அனுமதியோடு மீளப்பெற்று, புதியவரின் பிரொக்சியை வழக்கேட்டில் சேர்த்த பிறகே அவர் பேச முடியும். கணவர் இப்போது உயிரோடு இல்லை என்றால் அதற்கும் முன்னால் ஒரு படி உண்டு: உரித்தாளரை அவர் இடத்தில் சேர்க்க வேண்டும். இறந்தவர் பெயரில் மோஷன் போட முடியாது.

இன்னொன்று, அத்தாட்சிப் பிரதியில் பேனாவால் ஒரு புள்ளி கூட வைக்காதீர்கள். ‘சின்ன எழுத்துதானே, நாமே திருத்திக்கொள்வோம்’ என்று கை வைத்த பிரதி செல்லாது, கை வைத்தவர் குற்றவியல் பக்கம் போக வேண்டியும் வரும்.

கேள்வி: தீர்ப்பு முழுவதும் சிங்களத்தில். எனக்கு வாசிக்கத் தெரியாது. பிழை இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (தலவாக்கலை)

பதில்: அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரையின்படி, தமிழ் நிருவாக மொழியாக உள்ள பிரதேசங்கள் தவிர்ந்த இடங்களில் நீதிமன்ற மொழி சிங்களம். ஏடும் அந்த மொழியிலேயே இருக்கும். ஆனால் அதே உறுப்புரை, அந்த மொழி தெரியாத தரப்பினர் வழக்கில் பங்குபற்ற அரச செலவில் மொழிபெயர்ப்பு வசதி பெறவும், ஏட்டில் தாம் பெற உரித்துள்ள பகுதியைத் தம் மொழியில் பெறவும் உரிமை தருகிறது. வழக்குரையைத் தமிழிலேயே தாக்கல் செய்யவும் இடம் தருகிறது. இதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்டதற்கு நாளேட்டில் பதிவு இருக்காது. மொழிபெயர்ப்பாளர் போதாத இடங்களில் தாமதமாகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மேன்முறையீட்டுத் தவணை அதற்காக நிற்காது.

ஆனால் பெயர்ப் பிழையைப் பிடிக்கத் தமிழ் மொழிபெயர்ப்பு உதவாது. மொழிபெயர்ப்பவர் சிங்களத்தில் இருப்பதை வாசித்துத் தமிழில் சரியான பெயராகவே எழுதிவிடுவார், பிழை மறைந்துவிடும். மூலத்தைத்தான் பார்க்க வேண்டும். நம்முடைய பெயர்கள் அந்த எழுத்துக்குப் போகும்போது தடுமாறும் இடங்கள் தெரிந்தவையே. பழனியாண்டி, அழகம்மா போன்ற பெயர்களில் உள்ள ழகரத்துக்கு அங்கே எழுத்தில்லை. ஒருவர் லகரம் போடுவார், இன்னொருவர் ளகரம் போடுவார். நாம் ஒரே க, த, ப எழுதும் இடத்தில் அவர்கள் வல்லோசையா மெல்லோசையா என்று தெரிவுசெய்ய வேண்டும். கோபாலும் கந்தையாவும் ஒரே கோவைக்குள் இரண்டு விதமாக வருவது அதனால்தான். இன்னொரு தொல்லை முன்னெழுத்து. தகப்பன் பெயர் முன்னால் வருவதைத் தெரியாதவர் அதையே ஆளின் பெயராக எடுத்துவிடுவார்.

உங்கள் அடையாள அட்டையில் பெயர் சிங்களத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ, அந்த வடிவத்தையே அளவுகோலாக வைத்து, வாசிக்கத் தெரிந்த ஒருவரைக்கொண்டு வழக்குரை, தீர்ப்பு, டிக்ரி மூன்றிலும் பெயர் வரும் எல்லா இடங்களையும் ஒப்பிடுங்கள். எல்லா வேறுபாட்டுக்கும் மோஷன் போடவேண்டும் என்பதில்லை. தலைப்பில் சரியாக இருந்து, தீர்ப்பின் நடுவில் எங்கோ ஒரு சாட்சியைப் பற்றிச் சொல்லுமிடத்தில் ளகரம் லகரமானால் அதை விட்டுவிடலாம். தலைப்பு, முடிவுப் பந்தி, அட்டவணை, இந்த மூன்றில் இருந்தால் விடக்கூடாது.

கேள்வி: எங்கள் பிளானிலும் வழக்குரையிலும் காணியின் பரப்பு 0 ஏக்கர் 1 றூட் 12 பேர்ச். தீர்ப்பின் அட்டவணையிலும் டிக்ரியிலும் 0 ஏக்கர் 1 றூட் 21 பேர்ச் என்று இருக்கிறது. நமக்கு 9 பேர்ச் கூடத்தானே வந்திருக்கிறது, பேசாமல் விட்டுவிடலாமா? (வெலிமடை)

பதில்: அந்த 9 பேர்ச் கடதாசியில் மட்டும்தான் இருக்கிறது. பிஸ்கல் உடைமை ஒப்படைக்க வரும்போது நிலத்தில் இருப்பது 52 பேர்ச், பத்திரத்தில் 61 பேர்ச். எல்லைக்காரர்கள் கூடுவார்கள். யாருடைய நிலத்தில் அந்த ஒன்பதை வெட்டுவது? ஒப்படைப்பு நின்றுபோகும். பிற்காலத்தில் வங்கியில் ஈடு வைக்கப் போனால், பிளானும் டிக்ரியும் ஒத்துப்போகாத காணி என்று கோவையை மூடிவிடுவார்கள்.

திருத்துவதற்கு உங்களிடம் நல்ல ஆதாரம் இருக்கிறது. 1 ஏக்கர் 4 றூட், 1 றூட் 40 பேர்ச், 1 பேர்ச் ஏறக்குறைய 25.29 சதுர மீற்றர். 1 றூட் 12 பேர்ச் என்றால் 52 பேர்ச், அதாவது 0.1315 ஹெக்டேயர். 61 பேர்ச் என்றால் 0.1543 ஹெக்டேயர். பிளானின் மூலையில் நில அளவையாளர் ஹெக்டேயரிலும் எழுதியிருந்தால் அந்த எண்ணே எது சரி என்று காட்டிவிடும். மோஷனில் இந்தக் கணக்கை இரண்டு வரியில் போடுங்கள். வழக்கில் சான்றாக அடையாளமிட்ட பிளானின் பிரதியை இணையுங்கள். விசாரணைக்குப் பிறகு புதிதாக அளந்து எடுத்த பிளானைக் கொண்டுபோனால் அது புதுச் சாட்சியம், எழுத்துப் பிழைத் திருத்தத்தில் அதற்கு இடமில்லை.

இங்கே பிழை தீர்ப்பிலும் இருப்பதால், முதலில் தீர்ப்பின் அட்டவணையையும் அதைத் தொடர்ந்து டிக்ரியையும் திருத்தக் கேட்க வேண்டும். டிக்ரியை மட்டும் திருத்தினால் அது தீர்ப்போடு முரண்படும், நாளைக்கு எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். எல்லைகளையும் பார்த்துவிடுங்கள். வடக்கே ஓடை, தெற்கே பாதை என்பது இடம்மாறி விழுவது அட்டவணைகளில் அடிக்கடி நடப்பது.

இதே 21 உங்கள் வழக்குரையிலேயே இருந்திருந்தால் கதை வேறு. நீதிபதி நீங்கள் கொடுத்ததைத்தான் எழுதினார், வழுவியது அவர் அல்ல. வழக்கு முழுவதும் அந்தப் பிளானை வைத்தே நடந்தது, காணி எது என்பதில் இரு பக்கத்துக்கும் ஐயம் இல்லை என்று ஏடே காட்டினால், 189இன் கீழ் கேட்டுப் பார்க்க இடமுண்டு. எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் கடினம். வழக்கு நடக்கும்போதே 93ஆம் பிரிவின் கீழ் வழக்குரையைத் திருத்தியிருக்க வேண்டிய விடயம் அது. அதுவும் வழக்கின் ஆரம்பத்திலேயே என்றால் சுலபம், பிந்தினால் சிரமம்.

ஊவாவிலும் கண்டிப் பக்கமும் பழைய உறுதிகளில் வயல் பரப்பு நெல் விதைப்பு அளவில் இருக்கும்: 10 லாஹ ஒரு பெல, 4 பெல ஒரு அமுணம். உறுதியில் 2 லாஹ என்றிருக்க, தீர்ப்பில் 2 பெல என்று விழுந்தால் அது எழுத்துப் பிழை. ஆனால் நீதிபதி அந்த விதைப்பு அளவை ஏக்கராக மாற்றிய விதம் சரியில்லை என்று நினைத்தால், அது சாட்சியத்தைப் பற்றிய சண்டை. மோஷனில் தீராது.

கேள்வி: நான் எதிராளி. வாங்கிய கடன் 650,000 ரூபா. 2019 மார்ச் 1 முதல் 2022 ஆகஸ்ட் 31 வரை ஆண்டுக்கு 12 வீதச் சாதாரண வட்டி என்று தீர்ப்பில் இருக்கிறது. மொத்தம் 932,000 என்று போட்டிருக்கிறார்கள். கூடுதலாகத் தெரிகிறது. தோற்றவர் திருத்தம் கேட்கலாமா? (நாவலப்பிட்டி)

பதில்: கேட்கலாம். சட்டம் ‘தரப்பினர் எவரும்’ என்றுதான் சொல்கிறது. உங்கள் சந்தேகமும் சரி. 650,000இல் 12 வீதம் ஆண்டுக்கு 78,000. மூன்றரை ஆண்டுக்கு 273,000. முதலோடு சேர்த்தால் 923,000. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன. அப்படி மாறும்போது வரும் வித்தியாசம் எப்போதும் 9ஆல் பிரிபடும் என்பது கணக்கெழுதுபவர்களுக்குத் தெரிந்த சூத்திரம். இங்கே 9,000, வெலிமடைக்காரரின் காணியில் 9 பேர்ச். தொகை இடிக்கும்போது முதலில் வித்தியாசத்தை எடுத்து 9ஆல் பிரித்துப் பாருங்கள்.

கணக்கைப் படிப்படியாக எழுதி மோஷன் போடுங்கள். வட்டி வீதமும் காலமும் தீர்ப்பிலேயே இருப்பதால் இது ஏட்டின் முகத்திலேயே தெரியும் கணக்குப் பிழை. ஆனால் திருத்தம் வரும்வரை காசைக் கையில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். டிக்ரி நாளிலிருந்து கட்டும் நாள்வரை மேல்வட்டி ஓடுமாறு கட்டளை இருந்தால் அது ஓடிக்கொண்டேயிருக்கும். மறுக்காத 923,000ஐ வைப்பிலிடுவது பற்றிச் சட்டத்தரணியோடு பேசுங்கள்.

கேள்வி: நான் வழக்காளி. காசு கிடைத்தது, ஆனால் வட்டியைப் பற்றித் தீர்ப்பின் கடைசிப் பந்தியில் ஒன்றுமே இல்லை. விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லலாமா? (கம்பளை)

பதில்: எழுவினாக்களைப் பாருங்கள். விசாரணை தொடங்கும்போது இரு தரப்பும் இலக்கமிட்டுப் பதிந்த வினாக்கள் அவை, தீர்ப்பின் முடிவில் நீதிபதி ஒவ்வொன்றுக்கும் விடை எழுதியிருப்பார். வட்டிக்கு உரித்து உண்டா என்ற எழுவினாவுக்கு ‘ஆம்’ என்று விடை எழுதிவிட்டு, கடைசிப் பந்தியில் மட்டும் அது விடுபட்டிருந்தால், அது தவறுதலான விடுபடல். 189இன் கீழ் சேர்க்கலாம். ‘இல்லை’ என்று விடை எழுதியிருந்தாலோ, அப்படி ஓர் எழுவினாவே எழுப்பப்படாமலிருந்தாலோ, நீங்கள் கேட்பது திருத்தமல்ல, புதிய தீர்மானம்.

192ஆம் பிரிவில் வட்டிக்கு மூன்று காலங்கள் உண்டு: வழக்குப் போடுமுன், வழக்குப் போட்ட நாளிலிருந்து டிக்ரி வரை, டிக்ரியிலிருந்து கட்டி முடிக்கும்வரை. எந்தக் காலத்துக்குரிய வட்டி விடுபட்டது என்று மோஷனில் தனித்தனியாகச் சொல்லுங்கள். ‘வட்டி’ என்று மொட்டையாகக் கேட்டு, மூன்றில் ஒன்றுக்கு மட்டும் கட்டளை வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு.

கேள்வி: நீதிபதி எங்கள் சாட்சியை நம்பவில்லை. அதற்குச் சொன்ன காரணம் தவறு. இதையும் பிழைத்திருத்தம் என்று கேட்கலாமா? (கண்டி)

பதில்: முடியாது. தீர்ப்பை வாசித்து முடித்தபின், 189 விட்டுக்கொடுக்கும் அந்தச் சின்ன வாசலைத் தவிர, தான் தீர்மானித்ததை மாற்ற அந்த நீதிமன்றத்துக்கே அதிகாரமில்லை. நீதிபதி நினைத்தது ஒன்று, காகிதத்தில் விழுந்தது ஒன்று என்றால் திருத்தம். நினைத்ததே தவறு என்றால் மேன்முறையீடு. மாகாணக் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

தவணை கடுமை. மேன்முறையீட்டு அறிவித்தல் 14 நாளுக்குள், மனு 60 நாளுக்குள். 14 நாளில் தீர்ப்பு நாளும், ஞாயிறும், பொது விடுமுறையும் சேராது, சனி சேரும். தீர்ப்பு 1ஆம் திகதி திங்கட்கிழமை, 10ஆம் திகதி போயா என்று வைத்துக்கொண்டால், 7ஆம் 14ஆம் திகதிகள் ஞாயிறு, ஆகவே பதினான்காவது நாள் 18ஆம் திகதி. அறிவித்தல் கொடுக்கும் நாளும் கழிவுதான், ஆனால் அந்த ஒரு நாளை நம்பி இருக்க வேண்டாம். 60 நாளுக்கு இந்தக் கழிவு எதுவும் எழுதப்படவில்லை, அது நேர் அறுபது.

தீர்ப்பில் எழுத்துப் பிழையும் இருக்கிறது, முடிவிலும் குறை என்றால் இரண்டையும் சமாந்தரமாக நடத்துங்கள். ‘முதலில் பெயரைத் திருத்துவோம், பிறகு மேன்முறையீடு’ என்று இருந்தால் 14 நாள் போய்விடும். திருத்தக் கட்டளை கிடைத்த நாளிலிருந்து மறுபடி எண்ணலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: பிரிவினை வழக்கில் நான்கு பேருக்குப் பங்கு: 3/8, 1/4, 1/6, 5/12. கூட்டினால் ஒன்றுக்கு மேல் வருகிறது. இப்போது என்ன செய்வது? (பதுளை)

பதில்: 24 என்ற பகுதிக்குக் கொண்டுவாருங்கள்: 9, 6, 4, 10. மொத்தம் 29/24. காணி ஒன்றுக்கு மேல் காணியைப் பங்கிட முடியாது, ஆகவே பிழை ஏட்டின் முகத்திலேயே தெரிகிறது. கடைசி ஆளின் பங்கு 5/24 ஆக இருந்தால் சரியாக 24/24 வரும். ஆனால் அப்படி ஊகித்து மோஷன் போட்டுவிடாதீர்கள். தீர்ப்பில் வம்சாவளியைச் சொல்லி உரிமை இறங்கும் பகுதியை எடுத்து, ஒவ்வொரு உறுதியாகப் பங்கைக் கணக்கிட்டு, எந்தப் படியில் பிசகியது என்று காட்ட வேண்டும். பிழை கடைசி ஆளில் இல்லாமல் முதல் ஆளில் இருந்தால் நீங்கள் கேட்கும் திருத்தம் மற்றவரின் உரிமையைத் தின்றுவிடும்.

1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தில் இரண்டு கட்டம் உண்டு. 26ஆம் பிரிவின் இடைநிலை டிக்ரி யாருக்கு எவ்வளவு என்று சொல்கிறது. நில அளவையாளர் அதை வைத்து நிலத்தைத் துண்டாடிய பிறகு, 36ஆம் பிரிவின் இறுதி டிக்ரி யாருக்கு எந்தத் துண்டு என்று சொல்கிறது. நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. முதல் கட்டம் என்றால், நில அளவையாளருக்கு ஆணை போகுமுன் திருத்திவிடுங்கள். 29/24ஐ வைத்து அவர் நிலத்தை வெட்ட முடியாது, அல்லது எல்லாருக்கும் விகிதப்படி குறைத்து வெட்டி வைப்பார். பிறகு வேலியும் கட்டிவிட்டால் சரிசெய்வது மிகக் கடினம். 48ஆம் பிரிவு இந்த டிக்ரிகளுக்குக் கொடுக்கும் இறுதித்தன்மையும் சாதாரண வழக்கின் டிக்ரியைவிடப் பலமானது.

பிரிவினைச் சட்டத்தில் சொல்லாத நடைமுறைக்கு அதன் 79ஆம் பிரிவு குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையைக் கைகாட்டுகிறது. அந்த வழியாகத்தான் 189 இங்கே வருகிறது. அறிவித்தல் எல்லாத் தரப்புக்கும் போக வேண்டும், வழக்குக்கு ஒரு நாளும் வராதவருக்கும்தான். பிரிவினை வழக்கில் முப்பது பேர் இருப்பது அதிசயமல்ல, இடையில் இறந்தவர்களும் இருப்பார்கள். மோஷன் தாமதமாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஓர் உரித்தாளரின் பெயர் முழுதாகவே விடுபட்டது, ஓர் உறுதியை நீதிபதி கவனிக்கவில்லை என்பவை கணக்குப் பிழைகள் அல்ல.

கேள்வி: விவாகரத்து டிக்ரியில் திருமணப் பதிவு இலக்கம் பிழை. மறுமணம் பதிய முடியவில்லை. (பண்டாரவளை)

பதில்: வழக்கில் சான்றாக வைத்த விவாகச் சான்றிதழில் இலக்கம் சரியாக இருந்தால், அதைக் காட்டி மேலே சொன்ன வழியில் திருத்துங்கள். முதல் டிக்ரி, குறைந்தது மூன்று மாதத்துக்குப் பின் வரும் முடிவான டிக்ரி இரண்டிலும் அதே இலக்கம் இருக்கும், இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். சான்றிதழிலேயே பிழை இருந்தால் நீதிமன்றத்தின் இந்த வாசல் உதவாது. முதலில் பதிவாளர் நாயகத் திணைக்களத்தின் பக்கம் போய்ச் சான்றிதழைத் திருத்த வேண்டும்.

கேள்வி: எதிர்த்தரப்பு எங்களுக்குச் சொல்லாமலே டிக்ரியில் துண்டு இலக்கத்தை மாற்றிக்கொண்டுவிட்டது. (நுவரெலியா)

பதில்: நாளேட்டின் அத்தாட்சிப் பிரதியை இன்றைக்கே எடுங்கள். மோஷன் எந்தத் திகதியில் வந்தது, அறிவித்தல் யாருக்கு, எப்படிப் போனது என்று அதில் இருக்க வேண்டும். உங்கள் சட்டத்தரணிக்கு அறிவித்தல் போய், அவர் உங்களிடம் சொல்லாமல் விட்டிருந்தால், சட்டப்படி அறிவித்தல் கிடைத்ததாகிவிடும். ‘தரப்பினருக்கு அல்லது அவர்களின் சட்டத்தரணிக்கு’ என்பதே பிரிவின் வாசகம். யாருக்குமே போகவில்லை என்றால் அந்தத் திருத்தத்தை நீக்கும்படி அதே நீதிமன்றத்தில் கேட்கலாம். மேல் நீதிமன்றத்தில் மீளாய்வும் கேட்கலாம். கட்டளைக்கு எதிராக அனுமதி பெற்று மேன்முறையீடு செய்வதானால் அதற்கும் 14 நாள்தான்.

கேள்வி: தீர்ப்பு வந்து எட்டு ஆண்டுகள். நீதிபதி மாற்றலாகிப் போய்விட்டார். இப்போதுதான் பிழையைப் பார்த்தோம். (மாத்தளை)

பதில்: 189 ‘எந்த நேரத்திலும்’ என்கிறது, ‘நீதிமன்றம்’ என்கிறது. எழுதிய நீதிபதியே இருக்க வேண்டியதில்லை, இப்போது அந்த ஆசனத்தில் இருப்பவர் ஏட்டைப் பார்த்துத் திருத்துவார். சரியானது எது என்று ஏட்டிலிருந்தே தெரிய வேண்டும் என்பதுதான் இங்கே கூடுதல் முக்கியம், கேட்டுத் தெளிவதற்கு எழுதியவர் இல்லை. இடையில் வழக்கு மேன்முறையீட்டுக்குப் போயிருந்தால், வழக்கேடு மாவட்ட நீதிமன்றத்துக்குத் திரும்பிவிட்டதா என்று முதலில் பதிவறையில் விசாரியுங்கள். ஏடு இல்லாமல் மோஷனை அழைத்தும் பயனில்லை.

உங்களுக்கு உண்மையில் அவசரம் வேறிடத்தில். டிக்ரியை நிறைவேற்றக் கேட்பதற்கு 337ஆம் பிரிவு 10 ஆண்டு எல்லை வைத்திருக்கிறது, அது டிக்ரியின் திகதியிலிருந்து எண்ணப்படும், மேன்முறையீட்டில் உறுதியாகியிருந்தால் அந்த டிக்ரியின் திகதியிலிருந்து. இன்று திருத்தினாலும் டிக்ரியின் திகதி பழையதுதான். உடைமையோ காசோ இன்னும் கைக்கு வரவில்லையென்றால் மீதி இரண்டு ஆண்டுக்குள் திருத்தம், அறிவித்தல், எழுத்தாணை (டிக்ரியை நிறைவேற்றும் கட்டளை) விண்ணப்பம் எல்லாம் முடிய வேண்டும். பதிவறையில் பழைய ஏடு தேடி எடுக்கவே சில வாரம் போகும், அந்த விண்ணப்பத்தை முதலில் கொடுங்கள்.